கை வைத்த வண்டி

வாகனம் வைத்திருக்கும் எவரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "வெளியில் கை வைத்த வண்டிக்கு வாரண்டி கிடையாது." சொல்பவர் சீருடை அணிந்த சர்வீஸ் ஆலோசகர். அவருக்கு முன்னால் கணினித் திரை இருக்கிறது. நமக்கு முன்னால் ஒன்றுமில்லை. நாம் ஹாரனை மாற்றியிருப்போம், சைலன்சரை மாற்றியிருப்போம், சற்று அகலமான டயர் போட்டிருப்போம். பழுதானது வேறெதுவோ. ஆயினும் அந்த வாக்கியத்தின் முன் குற்றம் செய்தவர்போல் தலைகுனிந்து, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு தூரம் உண்மை, அதை எதிர்த்து யார் எப்போது எழுந்தார்கள் என்று தேடிப் போனால் நாம் சென்று சேரும் இடம் அமெரிக்கா. வாங்கிய வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் கலையும், விற்ற வண்டிக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் வழக்கமும் அங்கே ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தன. ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலிலிருந்து 1975இல் ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் முன்கதையையும் பின்கதையையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்ட விளக்கம் எழுதும் தகுதி நமக்கில்லை. ஒரு பொருளை விற்றுப் பணம் பெற்ற பிறகும் அதன்மீது விற்றவனுக்கு எவ்வளவு அதிகாரம் எஞ்சுகிறது என்ற கேள்வியே நம்மை இதற்குள் இழுத்தது.

*

ஹென்றி ஃபோர்டின் டி மாடல் கார் 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதை வைத்திருக்க வேண்டும் என்று வாங்கியவர்கள் நினைக்கவில்லை. விவசாயி அதன் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை பூட்டி, மரம் அறுக்கும் வாளை ஓட்டினான். அஞ்சல்வழிக் கடைகளின் பட்டியல்களில் அதற்கான துணைப் பாகங்கள் பக்கம் பக்கமாக விளம்பரமாயின. கம்பெனி தயாரிக்காத பாகத்தைக் கம்பெனியின் வண்டியில் பூட்டும் வெளிச்சந்தை என்பது காருக்குப் பின்னால் வந்த ஒன்றன்று. காரோடு கூடவே வளர்ந்தது.

1930களில் இது இளைஞர்களின் பித்தாயிற்று. தெற்குக் கலிஃபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றிக் கண்ணாடிபோல் சமதளமான மண். பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திறந்து வேலை பார்த்து, யாருடைய வண்டி விரைவானது என்று அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது இவர்களுக்கு வரமாக அமைந்தது. 1937இல் தெற்குக் கலிஃபோர்னிய ஓட்டக் கழகங்கள் ஒரு சங்கமாகத் திரண்டன. போர் முடிந்து, இயந்திரங்களோடு பழகிய கைகளுடன் சிப்பாய்கள் வீடு திரும்பியபோது இந்தப் பித்து நாடெங்கும் பரவியது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார். விக் எடெல்ப்ராக், எட் இஸ்கண்டேரியன் போன்றோர் தம் பட்டறைகளில் செய்த எஞ்சின் பாகங்கள் பெரும் வணிகமாயின. 1963இல் இத்தகைய உற்பத்தியாளர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இஸ்கண்டேரியன் அதன் முதல் தலைவர். சீமா என்ற சுருக்கப்பெயரில் அச்சங்கம் இன்றும் இருக்கிறது.

அந்த ஏரிப் படுகையில் ஓடிய பையன்களுக்கு வாரண்டி ஒரு பொருட்டே அல்ல. அவர்களுடையவை மூன்றாம் கை, நான்காம் கை வண்டிகள். எஞ்சின் உடைந்தால் உடைத்தவனே சரிசெய்தான். மாற்றியமைக்கும் மோகம் புதிய வண்டியை, தவணைக் கடனில் வாங்கிய வண்டியைத் தொட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

*

அக்காலத்து வாரண்டிக் காகிதம் எப்படி இருந்தது என்பதை ஒரு வழக்கின் வழியாக நம்மால் பார்க்க முடிகிறது. 1955 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒருவர் அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவிக்குப் புதிய பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். பத்து நாளில், வண்டி 468 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், மனைவி ஓட்டிச் செல்லும்போது ஸ்டியரிங் கையைவிட்டுப் போயிற்று. கார் சுவரில் மோதியது. நிறுவனமும் டீலரும் விற்பனைத் தாளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

அந்தப் பொடி எழுத்து சொன்னது இதுதான். 90 நாள் அல்லது 4,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் பாகம் பழுதானால், அனுப்பும் செலவை நீங்களே ஏற்று அதைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் சோதித்துப் பார்த்து, அது குறையுள்ளதுதான் என்று எங்களுக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு பாகம் தருவோம். அதற்கு மேல் எந்தப் பொறுப்பும் எங்களுக்கில்லை. இந்த வாசகம் ஒரு நிறுவனத்துடையது மட்டுமன்று. வாகன உற்பத்தியாளர் சங்கம் வகுத்துப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் கையாண்ட பொது வாசகம். எந்தக் கடைக்குப் போனாலும் இதே காகிதம்தான். ஹென்னிங்சன் வழக்கு என்று பெயர்பெற்ற இதில் 1960 மே மாதம் தீர்ப்பளித்த நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், பேரம் பேச வழியே இல்லாத வாங்குபவன்மீது இப்படியொரு விலக்கைத் திணிப்பது பொது நலனுக்கு முரண் என்று கூறி அந்த வாசகத்தைத் தள்ளிவிட்டது.

நம் கண்ணில் படுவது 'எங்களுக்குத் திருப்தி ஏற்பட்டால்' என்ற பகுதி. அக்கால வாரண்டிகளில் இதன் உடன்பிறப்பான இன்னொரு விதியும் வழக்கத்தில் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே வண்டி மாற்றப்பட்டோ பழுது பார்க்கப்பட்டோ இருந்து, அதனால் வண்டியின் உறுதி கெட்டுவிட்டதாக உற்பத்தியாளர் கருதினால் வாரண்டி செல்லாது. கருதினால் போதும். நிரூபிக்க வேண்டியதில்லை. வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே நீதிபதியின் இருக்கையிலும் அமர்ந்துகொள்ளலாம். சர்வீஸ் மையத்தில் நாம் கேட்கும் வாக்கியத்தின் பூர்வீகம் இதுவே.

*

1960களில் வாரண்டி விளம்பரப் பொருளாயிற்று. 1961ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஃபோர்டு 12 மாதம் அல்லது 12,000 மைல் என்றது. 1963 மாடல்களுக்கு கிறைஸ்லர் நிறுவனம், எஞ்சின் முதலிய இயக்கப் பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் என்று அறிவித்துப் போட்டியாளர்களைத் திகைக்க வைத்தது. 90 நாளில் முடிந்துபோன வாக்குறுதி ஐந்தாண்டுக்கு நீண்டுவிட்டது.

அதே பத்தாண்டில்தான் டெட்ராய்ட் நகரம் பெரும் குதிரைத்திறன் கொண்ட வண்டிகளை இளைஞர்களுக்கு விற்றது. வேகம் வேண்டும் என்று விளம்பரம் சொன்னது. வேகமாக ஓட்டி உடைத்தால் பொறுப்பில்லை என்று வாரண்டித் தாள் சொன்னது. டீலர்களில் சிலர் தாமே மாற்றியமைப்பவர்களாகவும் இருந்தார்கள். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் ஊரில் ஷெவர்லே டீலராக இருந்த டான் யென்கோ 1967இலும் 1968இலும் கமாரோ கார்களின் எஞ்சினை எடுத்துவிட்டு 427 கன அங்குல எஞ்சினைத் தம் பட்டறையில் பூட்டி விற்றார். 1969இல் நிறுவனத்திடம் தனிக் கொள்முதல் ஆணை கொடுத்து, அந்த எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே பூட்டி வரும்படி செய்துகொண்டார். அளவில் அதே எஞ்சின், அதே வகைக் கார். எந்தக் கை பூட்டியது என்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் வாரண்டி என்ற காகிதத்துக்கு அந்த வேறுபாடே எல்லாம்.

வாக்குறுதி நீண்ட அளவுக்குப் புகாரும் நீண்டது. வாகன வாரண்டிகள் நடைமுறையில் எப்படி நிறைவேற்றப்படுகின்றன என்பது குறித்து, ஃபெடரல் டிரேட் கமிஷன் எனப்படும் மத்திய வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 1968இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1970இல் ஆணையமே மற்றோர் அறிக்கை தந்தது. டீலரிடம் போனால் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார், நிறுவனத்துக்கு எழுதினால் டீலரைக் கைகாட்டுகிறது என்பதுதான் வாங்கியவர்களின் பொதுக் குறை.

*

இந்தக் குறைக்குச் சட்ட வடிவில் விடை தேடியவர்களில் இருவர் பெயர் நிலைத்தது. ஒருவர் வாஷிங்டன் மாநில செனட்டர் வாரன் மாக்னுசன். செனட் வணிகக் குழுவின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மற்றவர் கலிஃபோர்னியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் மாஸ். அரசின் ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்ற 1966ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடியவர் இவர். அரசின் காகிதம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று வாதாடியவர், கம்பெனியின் காகிதமும் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று அடுத்து வாதாடியது பொருத்தமாகவே படுகிறது. மாக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தில் 1975 ஜனவரி 4 அன்று கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு. கார் ஃபோர்டுக்கு அவர் உறவில்லை.

வாரண்டி தந்தே ஆக வேண்டும் என்று இச்சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தில் தருவதானால் எளிய மொழியில், முழுமையாகத் தெரிவித்துத் தர வேண்டும் என்றது. வழக்கில் வெல்லும் நுகர்வோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் பெற்றுத்தர நீதிமன்றத்துக்கு வழிசெய்தது. சில நூறு டாலர் பழுதுக்காக யாரும் வழக்குக்குப் போக மாட்டார்கள் என்று கம்பெனிகள் நம்பியிருந்த நிலையில் இது சிறிய செய்தியன்று.

நம் விஷயத்துக்கு நேரடியாக உரியது 102ஆம் பிரிவின் இ-உட்பிரிவுக்கு நிகரான மூன்றாம் உட்பிரிவு. குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது அது. அந்தப் பொருளை இலவசமாகக் கொடுத்தால் நிபந்தனை விதிக்கலாம். அல்லது, அந்தப் பாகம் இல்லாமல் தன் வண்டி சரியாக இயங்காது என்று வர்த்தக ஆணையத்திடம் மெய்ப்பித்து விலக்குப் பெறலாம். எண்ணெய் வடிகட்டியை எங்களிடமே வாங்கினால்தான் எஞ்சினுக்குப் பொறுப்பு என்று சொல்லும் வழி இத்துடன் அடைபட்டது.

இதைப் பற்றி இரு திசைகளில் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. வண்டிப் பிரியர்களில் பலர், இச்சட்டம் இருக்கும்வரை எதை மாற்றினாலும் கம்பெனி பழுதுபார்த்தே தீரவேண்டும் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிச்சந்தைப் பாகமே குறையுள்ளதாக இருந்தாலோ, தவறாகப் பூட்டப்பட்டிருந்தாலோ, அதனால் விளைந்த சேதத்தைக் கம்பெனி ஏற்க வேண்டியதில்லை. டீலர்களில் பலரோ, எதையாவது மாற்றியிருந்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று சொல்கிறார்கள். சட்டம் அப்படியும் சொல்லவில்லை. மறுப்பதற்கு முன், அந்தப் பாகம்தான் இந்தப் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனியோ டீலரோ காட்ட வேண்டும் என்பது வர்த்தக ஆணையத்தின் விளக்கம்.

மூன்று வண்டிகளை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் சைலன்சரை மாற்றினார்; கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் பழுதாயிற்று. இரண்டுக்கும் தொடர்பில்லை; கம்பெனி சரிசெய்ய வேண்டும். இன்னொருவர் டர்போ எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டும் மென்பொருளை ஏற்றினார். சிலிண்டருக்குள் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகியது. தொடர்பு வெளிப்படை, செலவு அவருடையது. மூன்றாமவர் தம் பிக்கப் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் பூட்டினார், கியர்பாக்ஸ் போயிற்று. பெரிய டயர் கியர்பாக்ஸின் சுமையைக் கூட்டும் என்பது உண்மை. அந்த வகைக் கியர்பாக்ஸ், மாற்றாத வண்டிகளிலும் உடைவதுண்டு என்பதும் உண்மையாக இருக்கலாம். வழக்குகள் பிறப்பது இந்த மூன்றாம் வண்டியில்தான். 1975க்கு முன் இதற்கு விடை 'நாங்கள் கருதுகிறோம்' என்பதாக இருந்தது. அதற்குப் பின் 'காட்டுங்கள்' என்றாயிற்று. ஒரு வினைச்சொல்லில் நிகழ்ந்த மாற்றம் என்றே இச்சட்டத்தின் சாதனையைச் சுருக்கிச் சொல்லலாம்.

சட்டம் வந்த இரண்டே ஆண்டில் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. 1977இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களை வாங்கியவர்கள் சிலர், தம் வண்டிக்குள் இருப்பது ஷெவர்லே எஞ்சின் என்று கண்டுபிடித்தார்கள். ஓல்ட்ஸ்மொபிலுக்கு என்று வாங்கிய பாகம் பொருந்தாமல் போனதில் குட்டு உடைந்தது. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிராண்டுகள்தாம்; எனினும் வாங்கியவரிடம் சொல்லாமல் மாற்றிவிட்டார்கள். வாங்கியவர்கள் இப்புதிய வாரண்டிச் சட்டத்தையும் துணைக்கொண்டு நீதிமன்றம் சென்றார்கள். வாங்கியவன் எஞ்சினை மாற்றினால் வாரண்டி போகும். விற்றவன் மாற்றினால் என்ன போகும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டதாகவே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

*

வாங்கியவன் பக்கமே நியாயம் முழுவதும் இருப்பதாக எழுதினால் அது நேர்மையாகாது. மாற்றியமைக்கும் சுதந்திரத்துக்கு இன்னொரு திசையிலிருந்தும் எல்லை வந்தது. 1970இன் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள், புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைச் செயலிழக்கச் செய்வதை உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் தடைசெய்தன. 1975 மாடல்களிலிருந்து புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி என்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. 1977இல் அத்தடை பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும், 1990இல் எல்லோருக்கும் விரிந்தது. கலிஃபோர்னியா, புகையைப் பாதிக்கக்கூடிய வெளிச்சந்தைப் பாகங்களுக்குத் தனி ஒப்புதல் எண் வழங்கும் முறையை நடத்துகிறது. எண் இல்லாத பாகத்தைப் பொதுச்சாலை வண்டியில் பூட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரனின் நுரையீரலும் இந்த வழக்கில் ஒரு தரப்பு என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

இங்கும் விற்பவர் கை தூய்மையாக இல்லை. மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கணினியை மாற்றியமைக்கும் டியூனர் கருவிகளை ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தானே தன் டீலர்கள் வழியாக விற்றது. 2008இலிருந்து ஏறத்தாழ 3,40,000 கருவிகள். அவை புகை அளவைக் கூட்டுகின்றன என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றஞ்சாட்டியது. 2016 ஆகஸ்டில் நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதத்துக்கும், விற்பனையை நிறுத்துவதற்கும் உடன்பட்டது. பந்தயத் தளத்துக்கென விற்ற கருவிகள் என்பது அதன் விளக்கம்.

*

இந்த இழுபறியில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் நடுவில் நிற்கும் டீலர். நாம் அவரையே கம்பெனி என்று எண்ணிக் கோபிக்கிறோம். உண்மையில் அவர் தனி வணிகர். வாரண்டி வேலைக்கு அவருக்குப் பணம் தருவது உற்பத்தியாளர். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரக் கூலி என்பதற்கும் உற்பத்தியாளர் பட்டியல் வைத்திருக்கிறார். டீலர் பழுதுபார்த்துக் கணக்கு அனுப்புகிறார், பணம் வருகிறது. பிறகு தணிக்கையாளர் வருகிறார். இந்த வண்டி மாற்றியமைக்கப்பட்டது, இதற்கு நீர் வாரண்டி கொடுத்திருக்கக் கூடாது என்று முடிவானால் கொடுத்த பணம் திரும்பப் பெறப்படும். வேலை செய்தாயிற்று, பாகம் பூட்டியாயிற்று, வண்டி போய்விட்டது, நட்டம் டீலருடையது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில், சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவது டீலருக்குப் பாதுகாப்பு. காரணத்தைத் தேடிக் காட்டுவதற்கு நேரம் பிடிக்கும். மெக்கானிக்குக்குக் கூலி பெரும்பாலும் முடித்த வேலையின் கணக்கில். தேடும் நேரத்துக்கு உரிய கூலி கிடைப்பது அரிது. சட்டம் 'காட்டுங்கள்' என்கிறது. காட்டுவதற்கான கூலியை யாரும் ஒதுக்கவில்லை. சட்டத்துக்கும் சர்வீஸ் மேசைக்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் உண்டாகிறது என்பது நம் கருத்து. இதே டீலர்களில் பலர் கடை முகப்பில் வெளிச்சந்தைச் சக்கரங்களையும், வண்டியை உயர்த்தும் பாகங்களையும் தாமே பூட்டி விற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

கார்ப்புரேட்டர் காலத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் கணினிமயமானபின் மாற்றம் மென்பொருளுக்குள் ஒளிந்துகொண்டது. 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே தரத்திலான கண்டறியும் இணைப்பு கட்டாயமாயிற்று. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த அந்த இணைப்பின் வழியே வண்டிப் பிரியர்கள் எஞ்சினின் நிரலைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாமல் குதிரைத்திறன் கூடியது. பழுது வந்தால் பழைய நிரலைத் திரும்ப ஏற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் டீலரிடம் போனவர்கள் உண்டு. இதற்குப் பெயர் ஏமாற்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தச் செலவு கடைசியில் மாற்றம் செய்யாத மற்றவர்கள் கொடுக்கும் விலையில்தான் ஏறும்.

உற்பத்தியாளர்கள் வண்டிக்கே நினைவாற்றல் கொடுத்து இதை எதிர்கொண்டார்கள். நிரல் மூலவடிவில் இருக்கிறதா என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் சரிபார்ப்பு எண் உண்டு. எத்தனை முறை நிரல் ஏற்றப்பட்டது என்று பதிந்துகொள்ளும் கணினிகளும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டூராமாக்ஸ் டீசல் வண்டிகளில் பெரிய எஞ்சின் வேலைக்கு முன் அந்த எண்ணைப் புகைப்படம் எடுத்து அனுப்பும்படி டீலர்களுக்கு அறிவுறுத்தியது. ஃபோல்க்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் திருத்தப்பட்ட நிரல் கண்டறியப்பட்டால் அந்த வண்டியின் பதிவில் 'டிடி1' என்ற குறி விழும். பிறகு அந்த வண்டி எந்த டீலரிடம் போனாலும் குறி அதற்கு முன்னால் போய் நிற்கும்.

1975இன் சட்டம் காட்டும் பொறுப்பைக் கம்பெனியிடம் கொடுத்தது. இப்போது காட்டுவதற்கான சான்றும் கம்பெனியிடமே இருக்கிறது. அதைப் படிக்கும் கருவியும், படித்ததற்குப் பொருள் சொல்லும் அறிவும் அவர்களிடமே. நிரலைத் திருத்தினாய் என்பது மெய்ப்பிக்கப்படுகிறது. அந்தத் திருத்தம்தான் இந்தப் பழுதை உண்டாக்கியது என்பது மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காக்கத்தான் அச்சட்டம் எழுதப்பட்டது.

ஆணையமும் உறங்கிவிடவில்லை. 2015இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் மினி பிரிவு, தன் பாகங்களையும் தன் டீலர்களையும் பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று வாங்கியவர்களிடம் சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு உடன்படிக்கைக்கு வந்தது. 2018 ஏப்ரலில் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. அவற்றில் ஹூண்டாய் ஒன்று, மற்றவை மின்னணுச் சாதன நிறுவனங்கள். 2022இல் மீண்டும் ஹார்லி டேவிட்சன். வெளிச்சந்தைப் பாகத்தைப் பயன்படுத்துவதாலோ வெளிப் பட்டறையில் பழுது பார்ப்பதாலோ இந்த வாரண்டி ரத்தாகாது என்று வாரண்டித் தாளிலேயே வெளிப்படையாக எழுதும்படி ஆணையம் அதைப் பணித்தது. சட்டம் வந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு, அச்சட்டம் சொன்னதை ஒரு கம்பெனி தன் தாளில் எழுத வேண்டியதாயிற்று.

*

நம் நாட்டில் இதற்கு இணையான தனி வாரண்டிச் சட்டம் இல்லை. வண்டியை மாற்றியமைப்பதற்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. உற்பத்தியாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. ஆனால் வாரண்டி பற்றிய பகுதியில், வேறொரு வாசல் வழியாக நாமும் அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். உதிரி பாகங்கள் வெளியில் கிடைக்காமல் செய்வது குறித்த வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடுகளுக்குப் போயின. அபராதத் தொகையைவிட நமக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆணையில் இருந்த ஒரு பத்தி. வெளிப் பட்டறைக்குப் போனார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியில் நடந்த தவறான வேலையால் உண்டான சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது அது. மாக்னுசனும் மாஸும் எழுதியதன் எதிரொலி அதில் கேட்கிறது.

வாரண்டி என்பது அடிப்படையில் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தவன் அதைக் காக்க முடியாமல் போகும் சூழல்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு வாக்குப் பெற்றவனே காரணமாகவும் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. காரணத்தைச் சொல்லாமல் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

ஆகவே அடுத்தமுறை சர்வீஸ் மேசையின் முன் நின்று அந்த வாக்கியத்தைக் கேட்கும்போது, கோபப்படாமல் திருப்பிக் கேட்கலாம்: எந்தப் பாகம் இந்தப் பழுதை உண்டாக்கியது, எப்படி உண்டாக்கியது, அதை எழுத்தில் தர முடியுமா? எழுதித் தந்தால் காரணத்தை நாமும் பரிசீலிக்கலாம். தர மறுத்தால், காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை என்றே பொருள்.